வாசகர் கேள்வி பதில்: ரோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் மானியமா?

கேள்வி: அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் இருக்கும் என் தம்பி ஒரு விஷயம் சொன்னான். அங்கே மக்காச்சோளம் போட்ட ஒருவருக்கு அரசுப் பணம் வந்ததாம், ரோட்டைத் தாண்டி அதே மக்காச்சோளம் போட்டவருக்கு ஒரு டாலர்கூட வரவில்லையாம். கேட்டால், அவர் நிலம் வேறு கவுண்டியில், அதாவது வேறு மாவட்டத்தில், இருக்கிறது என்கிறார்களாம். இப்படியும் நடக்குமா?
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: நடக்கும், தம்பி கதை விடவில்லை. 2014 விவசாயச் சட்டத்தில் ஏஆர்சி என்று, வருமானம் விழுந்தால் ஈடு கொடுக்கும் ஒரு திட்டம் வந்தது, அதில் ஒரு கவுண்டி முழுக்க ஒரே கணக்குதான். முந்தைய ஐந்து வருட விளைச்சலை எடுத்து, உச்சத்தையும் அடியையும் தள்ளிவிட்டு மீதி மூன்றுக்குச் சராசரி போடுவார்கள், விலைக்கும் அதேபோல, இரண்டையும் பெருக்கினால் அந்தக் கவுண்டியில் ஏக்கருக்கு வழக்கமான வருமானம் இவ்வளவு என்று ஒரு தொகை வரும். கவுண்டியின் இந்த வருட வருமானம் அதில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பணம், எவ்வளவு மோசமாக விழுந்தாலும் அந்தத் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது (2025 சட்டம் இதை 90, 12 என்று உயர்த்திவிட்டது). இந்தக் கணக்கில் உங்கள் வயலில் என்ன விளைந்தது என்று யாரும் கேட்பதே இல்லை. ஆலங்கட்டி மழையில் உங்கள் பயிர் மட்டும் படுத்துவிட்டது, மற்றவர்களுக்கு நல்ல மகசூல் என்றால் இந்தத் திட்டத்தில் ஒன்றும் வராது, தனியாகப் பயிர்க் காப்பீடு எடுத்திருந்தால் அதுதான் கதி. உங்களுக்கு நன்றாக விளைந்து கவுண்டி சராசரி விழுந்தாலோ பணம் வந்து சேரும்! நம் ஊர்க் காப்பீட்டில் பிர்க்கா சராசரி என்று சண்டை போடுகிறோமே, அதே வம்புதான். தனி வயல் கணக்கிலும் ஒரு பிரிவு உண்டு, அதை எடுப்பவர்கள் குறைவு. அப்புறம், பணம் வருவது அறுவடைக்கு அடுத்த வருடம் அக்டோபரில், அவசரத்துக்கு உதவாது.

கேள்வி: விதைக்காதவருக்கும் அங்கே மானியம் உண்டு என்கிறார்களே?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பாதி உண்மை. மேலே சொன்ன ஏஆர்சி பணம் இந்த வருடம் போட்ட பயிரைப் பார்த்து வருவதில்லை, அந்த நிலத்தில் எப்போதோ என்ன பயிர் எத்தனை ஏக்கர் இருந்தது என்று பதிவாகியிருக்கிறதே, அந்த 'பேஸ் ஏக்கர்' கணக்கைப் பார்த்து வருகிறது, அதிலும் 85 சதவீதத்துக்கு. மக்காச்சோளம் என்று பதிவான நிலத்தில் சோயா போட்டாலும் மக்காச்சோளத்துக்கான பணம்தான். அந்தப் பதிவு இல்லாத நிலத்தில் மாங்கு மாங்கென்று உழைத்தாலும் இந்தத் திட்டத்தில் கிடைக்காது. முன்பு விலை, விளைச்சல் எதையும் பார்க்காமல் நேரடிப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டெக்ஸாஸில் பழைய நெல் வயலை மனையாக வாங்கி வீடு கட்டியவர்களுக்குக்கூட அது போனது. 2000க்குப் பிறகு விவசாயமே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று 2006இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அதற்குப் பிறகும் நிறுத்த 2014 ஆனது, என்ன அவசரம் பாருங்கள்.

கேள்வி: அங்கே மானியம் நிலத்துக்காரருக்கா, குத்தகைக்காரருக்கா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ரொக்கக் குத்தகை என்றால் பயிர் செய்பவருக்கு, விளைச்சலைப் பங்கிடும் வாரம் என்றால் இருவருக்கும் பங்கு. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பணம் வருவது நிலத்துக்காரருக்கும் தெரியும், அடுத்த முறை குத்தகை பேசும்போது அதில் ஒரு பகுதியை ஏற்றிக் கேட்டுவிடுவார்.