வாசகர் கேள்வி பதில்: வண்ணக் களிமண் அச்சு

கேள்வி: களிமண் பாளத்தின் மேல் வண்ண மண் குழம்பால் படம் வரைந்து, அதைத் தாளில் ஒற்றி எடுக்க முயன்றேன். சில இடங்களில் வண்ணம் பதியவே இல்லை. வேறு சில இடங்களில் மண் கட்டியாகப் பெயர்ந்து வந்ததோடு தாளும் கிழிந்துவிட்டது. எதைத் திருத்த வேண்டும்?

பதில்: இரண்டு குறைகளுக்கும் காரணம் ஈரம்தான். பாளம் காய்ந்திருந்தால் அது வண்ணத்தை விடாது. ஈரம் மிகுந்திருந்தால் வண்ணத்தோடு தானும் பெயர்ந்து வரும். விரலால் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஆனால் விரலில் மண் ஒட்டக் கூடாது. அதுவே அச்செடுக்க ஏற்ற பதம். குழம்பைப் பூசியதும் அதிலுள்ள நீரைப் பாளம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மேற்பரப்பின் பளபளப்பு மறையும்வரை காத்திருந்த பிறகே ஒற்ற வேண்டும். பெரும்பாலோர் பொறுமை இழப்பது இந்த இடத்தில்தான்.

தாளை மாற்றிவிடுங்கள். இந்த முறையை வளர்த்தெடுத்த அமெரிக்கக் கலைஞர் மிட்ச் லயன்ஸ் பயன்படுத்தியது, நெய்யாமல் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்யப்படும் பாலியெஸ்டர் துணி. தையற்காரர்கள் காலருக்குள் வைக்கும் கேன்வாஸில் நெய்யப்படாத, பசை பூசாத வகையும் இதற்கு உதவும். துணியின் மேல் இலேசாக நீர் தெளித்து, பாளத்தின் மீது விரித்து, உருட்டுக்கட்டையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்துங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வண்ணம் வெளிறியிருந்தால் மீண்டும் படியவைத்துக் கரண்டியின் பின்புறத்தால் அவ்விடத்தைத் தேய்க்கலாம். படம் இடவலம் மாறி விழும் என்பதால், எழுத்துகள் இருந்தால் அவற்றைத் திருப்பியே எழுத வேண்டும்.

கேள்வி: ஒரே படத்தைப் பல படிகள் எடுக்க முடியுமா?

பதில்: முடியாது, என் பார்வையில் இக்கலையின் சிறப்பே அதுதான். ஒவ்வொரு முறையும் மேலே உள்ள மிக மெல்லிய படலம் மட்டுமே துணிக்குப் போவதால், முதல் அச்சில் மறைந்திருந்த அடிவண்ணம் இரண்டாவதில் தலைகாட்டும். கடைசியாகப் பூசியதே முதலில் வருமாகையால், எது எதற்குக் கீழே இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வரைய வேண்டும். வெளிறிய பாளத்தின் மேல் புதிய வண்ணங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரம் காத்தால், அதே பாளம் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

கேள்வி: வண்ணக் குழம்பை எப்படித் தயாரிப்பது? சூளையில் சுடாத மண் உதிர்ந்துவிடாதா?

பதில்: கயோலின் எனப்படும் வெண்களிமண்ணை நீரில் ஊறவைத்து, தயிர் பதத்துக்குக் கரைத்து, நிறமித் தூளைக் கலக்க வேண்டும். அது வெண்மையானது என்பதால் நிறம் கலங்காமல் தெளிவாகத் தெரியும். காய்ந்தபின் நிறம் வெளுக்கும். ஆகவே சிறு துண்டுத் துணியில் முன்கூட்டியே ஒற்றிக் காயவைத்துப் பார்ப்பது நல்லது. படலம் மெல்லியதாக இருந்தால் மண் துகள்கள் இழைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். உதிர்வது பெரும்பாலும் தடித்துப் படிந்த இடங்களில்தான். ஈயம், காட்மியம், மாங்கனீசு கலந்த நிறமிகளைத் தவிர்த்துவிடுங்கள். உலர் தூளைக் கையாளும்போது முகக்கவசம் அணிவதும், சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் கட்டாயம்.