மூளையில் மின்சாரம் அதிகமாவதால்தான் வலிப்பு வருகிறதா?

அது பாதி உண்மைதான். ஒரு நியூரான், அதாவது மூளையின் நரம்பணு, எவ்வளவு துடிக்கிறது என்பதைவிட, எத்தனை நியூரான்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நேரத்தில் துடிக்கின்றன என்பதுதான் வலிப்பில் முக்கியம்.

ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் அதைத் தூண்டும். தூண்டுதல் ஓர் எல்லையைத் தாண்டினால், சோடியத்தை உள்ளே விடும் சோடியம் வாயில்கள் திறந்து மின்துடிப்பு கிளம்பும். காபா என்ற வேதிப்பொருள் செய்வது அடக்கும் வேலை. ஓர் இடத்தில் துடிப்பு மிஞ்சினால், சுற்றியுள்ள காபா நியூரான்கள் வேலி போல நின்று அது பரவாமல் தடுக்கும். அந்தத் தடுப்பு தளரும்போது அக்கம்பக்கத்து நியூரான்களும் சேர்ந்து துடிக்கத் தொடங்கும். துடித்த நியூரான்கள் வெளியே விடும் பொட்டாசியம் சேரச் சேர, பக்கத்தில் இருப்பவை இன்னும் எளிதாகத் தூண்டப்படும்.

என் தங்கைக்கு இந்த நோய் உண்டு. முதலில் வலது கட்டைவிரல் துடிக்கும், அப்புறம் கை, அப்புறம் முகத்தின் வலது பக்கம். மூளையின் இடது பக்கத்தில் கையையும் முகத்தையும் இயக்கும் பகுதிகள் அடுத்தடுத்து இருப்பதால் வரும் வரிசை இது. ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே, நோயாளிகளைக் கூர்ந்து பார்த்தே இதைக் கண்டுகொண்டார். மனித மூளையின் முதல் இ.இ.ஜி. பதிவை, அதாவது மூளையின் மின்துடிப்புப் பதிவை, ஹான்ஸ் பெர்கர் எடுத்தது 1924இல்தான். எனக்கு இது இன்றும் பெரிய வியப்பு.

சரி, மின்சாரம் மட்டும் காரணமில்லை என்று ஏன் சொல்கிறேன்? டிராவெட் நோய்க்குறி என்று ஒன்று குழந்தைகளுக்கு வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு சோடியம் வாயிலுக்கான மரபணு பழுதாகி, அதன் வழியே பாயும் மின்னோட்டம் குறைந்திருக்கும். அப்படியானால் வலிப்பும் குறைய வேண்டும் அல்லவா? ஆனால் கடுமையான வலிப்புதான் வருகிறது. அடக்கும் நியூரான்கள்தான் அந்த வாயிலை அதிகம் நம்பியிருக்கின்றன; அது பழுதானால் தளர்வது தடுப்புதான். அதனால் சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமசெபின் போன்ற மாத்திரைகள் இவர்களுக்கு வலிப்பைக் கூட்டிவிடலாம். நரம்பியல் மருத்துவர் வலிப்பின் வகையைத் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான். எந்த உறுப்பு முதலில் துடித்தது என்று கவனித்துச் சொல்லுங்கள், முடிந்தால் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். வலிப்பு நீள நீள, காபாவைப் பெறும் ஏற்பிகள் நியூரானின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. அந்த ஏற்பிகள் வழியாக வேலை செய்யும் அவசர மருந்துகளின் பலனும் அதற்கேற்பக் குறைந்துகொண்டே போகும்.