மகள் உச்சமதிப்பு ஆராய்ச்சி படிக்க வேண்டும் என்கிறாள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

"ஏதோ ஆராய்ச்சிக் கூட்டமைப்பாம், அதில் சேர்ந்தால் சம்பளம் வருமா?" என்று கேட்டிருந்தீர்கள். வராது. வெள்ளம், வெப்ப அலை, சந்தைச் சரிவு போன்ற அரிய நிகழ்வுகளை ஆராய்வதுதான் உச்சமதிப்பு ஆராய்ச்சி; அதில் ஈடுபடும் பல நாட்டுப் புள்ளியியலாளர்கள் தரவையும் நிரலையும் பகிர்ந்து, சேர்ந்து கட்டுரை எழுதுவதற்கான ஏற்பாடுதான் அந்தக் கூட்டமைப்பு. பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள் தங்கள் நெறியாளர் வழியாக உள்ளே போவார்கள். சிங்கப்பூரில் ஜேசி (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் ஐந்தாறு ஆண்டாவது இருக்கிறது. சம்பளம் தருவது பல்கலைக்கழகம், மறுகாப்பீட்டு நிறுவனம், வங்கியின் இடர்ப் பிரிவு, வடிகாலை வடிவமைக்கும் பொறியியல் நிறுவனம் போன்றவை.

இப்போதைக்கு ஜேசியின் எச்2 நிலைக் கணிதப் பாடத்தில் கை உறுதியாக இருக்கட்டும். பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவும் கணிதப் புள்ளியியலும் கட்டாயம். தரவு அறிவியல் என்ற பெயருக்காகச் சேர்ந்துவிட்டு நிகழ்தகவைத் தட்டிக்கழிக்கிற பிள்ளைகள்தான் இத்துறையில் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

ஆர்வம் நிஜம்தானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஜேசி இறுதித் தேர்வான ஏ லெவல் முடிந்த டிசம்பரில் ஒரு மாதம் போதும். சிங்கப்பூரின் சாங்கி வானிலை நிலையத்தில் ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை, 1982 முதல், அரசின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலிருந்து ஆண்டுக்கு ஓர் உச்சத்தை எடுக்கச் சொல்லுங்கள். இங்கேயே ஒரு பொறி இருக்கிறது: ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் ஆண்டை முடித்தால் வடகிழக்குப் பருவமழை நடுவில் வெட்டுப்படும். ஜூலை முதல் ஜூன் வரை ஓராண்டு என்று வைத்துக்கொண்டால் பருவம் முழுதாக நிற்கும்.

நாற்பதுக்குச் சற்று மேல் எண்கள் தேறும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் எக்ஸ்ட்ரீம்ஸ் (extRemes) தொகுப்பைக் கொண்டு, உச்ச மதிப்புகளுக்கென்றே உள்ள நிகழ்தகவு வளைவான ஜிஇவி பரவலைப் பொருத்தி, 100 ஆண்டு மழையளவை, அதாவது ஓர் ஆண்டில் தாண்ட 1 விழுக்காடு வாய்ப்பே உள்ள அளவைக் கணக்கிட வேண்டும். அந்த வளைவின் வால் எப்படிப் போகிறது என்று காட்டும் எண்தான் வடிவ அளவுரு: அது நேர்மறையாக வந்தால் வால் கனம், அதாவது மிகப் பெரிய மழைக்கும் ஓரளவு வாய்ப்பு உண்டு; எதிர்மறையானால் மழைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று பொருள். இவ்வளவு குறைந்த தரவில் அது நேர்மறையா எதிர்மறையா என்பதே உறுதியாகத் தெரியாமல் போகலாம். அதனால் ஒற்றை எண்ணை மட்டும் எழுதி முடிக்கும் அறிக்கைக்கு மதிப்பில்லை. உண்மை அளவு எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியும் வேண்டும்; அதைக் கணக்கிட, இருபுறமும் சமமாக வருவதைவிட மேல்புறம் நீண்டு வரும் புரொஃபைல் முறை நல்லது.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட வேண்டும். 1978 டிசம்பர் 2 அன்று சிங்கப்பூரின் பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் கொட்டியது. 1982இல் தொடங்கும் சாங்கிப் பட்டியலில் அது இல்லை. தன் வளைவு அந்த எண்ணுக்கு என்ன சொல்கிறது என்று அவளே போட்டுப் பார்க்கட்டும்.

"100 ஆண்டு வெள்ளம்" என்றால் நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுதோறும் 1 விழுக்காடு வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர ஏறத்தாழ 26 விழுக்காடு. இந்தக் கணக்கை அவள் உங்களுக்கு விளக்கிச் சொல்ல முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள்.

இரண்டு பக்க அறிக்கை தயாரானதும், பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்திலேயே நிகழ்தகவு நடத்தும் பேராசிரியரிடம் நிரலோடு கொடுக்கட்டும். "ஆர்வமாக இருக்கிறேன்" என்று மட்டும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.