காசில்லாத இன்பமும் அலுப்பும்

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

கடந்த ஆண்டு என் வருமானம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. பட்டினி இல்லை, கடனும் இல்லை. ஆனால் விடுமுறைப் பயணம், வெளியே சென்று உண்பது, மாதந்தோறும் எதையாவது வாங்கி மகிழ்வது ஆகியவை நின்றுபோயின. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காக, செலவில்லாத மகிழ்ச்சிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் தருகிறார்கள். சூரியன் மறைவதைப் பார், நட, மழையை ரசி, புத்தகம் படி, மனிதர்களோடு பேசு. நானும் நேர்மையாகவே செய்து பார்த்தேன். சூரிய மறைவு முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. தினமும் மாலையில் தவறாமல் போய் நின்றேன். ஒரு வாரத்திற்குள் பத்தே நிமிடத்தில் கை தானாகக் கைப்பேசியை எடுக்கத் தொடங்கிவிட்டது.

உங்களிடம் கேட்க விரும்புவது மூன்று. இந்த எளிய இன்பங்கள் என்பவை, கையில் காசு இல்லாதவனைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லப்படும் ஆறுதல் மட்டும்தானா? அப்படி இல்லையென்றால் எனக்கு ஏன் இவ்வளவு விரைவில் அலுத்துவிடுகிறது, எனக்கு ரசனை என்பதே இல்லையா? மூன்றாவது, பதினேழு வயதான என் மகன் கேட்டது: "எதையும் ரசிக்க வேண்டுமானால் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வா என்கிறார்களே, கைப்பேசியால் என்ன கெட்டுவிடும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் கேள்விக்குப் பின்னால் இருக்கும் எரிச்சல் நியாயமானது என்றே நினைக்கிறேன். வசதியாக இருப்பவர்கள் வறுமையின் அழகைப் பற்றி எழுதும்போது எனக்கும் அதே எரிச்சல் வருவதுண்டு. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாமல் தவிப்பவரிடம் போய் அந்திவானத்தைப் பார்க்கச் சொல்வது அறமல்ல. அவருக்கு வேண்டியது வாடகைப் பணம். மேலும், நாம் இலவசம் என்று சொல்லும் பலவும் உண்மையில் யாரோ செலவு செய்து நமக்குத் தந்தவை. நிழல்மரங்கள் உள்ள தெரு, பொது நூலகம், பூங்கா, இருட்டிய பிறகும் ஒரு பெண் அச்சமின்றி நடக்கக்கூடிய பாதை ஆகிய எல்லாவற்றிற்கும் பொதுப்பணம் செலவாகியிருக்கிறது. அவை இல்லாத இடத்தில் வாழ்பவரிடம் 'நடப்பதற்குக் காசு வேண்டாமே' என்று சொல்வதில் பொருளில்லை. நீங்கள் பட்டினியும் கடனும் இல்லை என்று தெளிவாக எழுதியிருப்பதால்தான் மேற்கொண்டு பேசத் துணிகிறேன்.

ஆறுதல் மட்டும்தானா என்றால், இல்லை. பணம் வரும்போது சிறிய இன்பங்களைச் சுவைக்கும் திறன் கூடவே வருவதில்லை என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது. 1978 இல் பிலிப் பிரிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய இரு சகாக்களும் லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரை, அதே பகுதியில் வாழ்ந்த சாதாரண மனிதர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருக்கவில்லை. அதைவிட முக்கியமாக, நண்பரோடு பேசுவது, நகைச்சுவை ஒன்றைக் கேட்பது, ஓர் இதழைப் படிப்பது போன்ற அன்றாடச் செயல்களிலிருந்து அவர்கள் பெற்ற இன்பம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. 22 பேரை வைத்து உலகத்தை அளந்துவிட முடியாது என்பதால் இதை நான் சட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் 2010 இல் ஜோர்டி குவாட்பாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறொரு வழியில் இதே திசையைக் காட்டினார்கள். சாக்லேட் தின்னக் கொடுப்பதற்கு முன் சிலருக்கு மட்டும் பணத்தின் படம் ஒன்று காட்டப்பட்டது. படத்தைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட வேகமாகத் தின்று முடித்தார்கள். அவர்கள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. பணத்தை நினைவூட்டியதே போதுமானதாக இருந்திருக்கிறது. ஆகவே, சிறிய இன்பம் பெரிய இன்பத்தின் ஏழைப் பதிலி அல்ல. அது தனியான ஒரு திறன். பணம் இருந்தவரை உங்களுக்கு அதைப் பழகவேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

இனி, அலுப்பைப் பற்றி. இதுதான் உங்கள் கடிதத்தின் மையம் என்று கருதுகிறேன்.

காசு கொடுத்துப் பெறும் இன்பத்தில் நமக்கு வேலை மிகக் குறைவு. திரையரங்கில் எப்போது விளக்கணைக்க வேண்டும், எந்தக் காட்சிக்குப் பின் எது வர வேண்டும், எங்கே இசை உயர வேண்டும், எப்போது எழுந்து போகலாம் என்பதையெல்லாம் வேறு யாரோ நமக்காக முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். நாம் உட்கார்ந்தால் போதும். அந்திவானத்திற்கு அப்படி ஓர் இயக்குநர் கிடையாது. எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது கிளம்புவது என்பதெல்லாம் நம் பொறுப்பு. 'சூரியன் மறைவதைப் பார்' என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்த வேலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. உங்களிடம் குறைவது ரசனை அல்ல, செய்தி. எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சூரிய மறைவையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் மேற்கே பார்த்தபடி நின்று, வட்டம் மறைந்ததும் திரும்பியிருப்பீர்கள் என்பது என் ஊகம். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். அடிவானத்தை நெருங்கும்போது சூரியவட்டம் மேலும் கீழும் அழுத்தப்பட்டதுபோல நீள்வட்டமாகும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் நிகழ்வது அது. சூரியனின் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொடுவதாக நாம் காணும் அந்தக் கணத்தில், கணக்குப்படி பார்த்தால் சூரியன் ஏற்கெனவே அடிவானத்திற்குக் கீழே போய்விட்டிருக்கும். இல்லாத இடத்தில் இருப்பதாகத் தெரியும் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வட்டம் முழுதும் மறைந்த பிறகுதான் உயரத்தில் உள்ள மெல்லிய மேகங்கள் கீழிருந்து ஒளி பெறத் தொடங்குகின்றன. நல்ல நிறங்கள் பெரும்பாலும் அந்தப் பத்து, பதினைந்து நிமிடங்களில்தான் வருகின்றன. கூட்டம் கலைந்து போவதும் சரியாக அப்போதுதான்.

மேகமே இல்லாத மாலையாக இருந்தால் மேற்கில் பார்க்க அதிகமாக ஒன்றும் இருக்காது. அன்று முதுகைச் சூரியனுக்குக் காட்டிக் கிழக்கே திரும்பி நில்லுங்கள். அடிவானம் திறந்திருக்குமானால், சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கின் அடியிலிருந்து சாம்பல் கலந்த நீலப்பட்டை ஒன்று மெல்ல எழும். அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை தெரியும். கீழே இருக்கும் நீலம், காற்றுமண்டலத்தின் மீது விழும் பூமியின் நிழல். நாம் நின்றுகொண்டிருக்கும் இந்தக் கோளத்தின் நிழலே நம் கண்ணெதிரில் எழுந்து, உயர உயர மங்கி, இரவோடு கலந்துவிடுகிறது. இது தெளிவான மாலைகளிலெல்லாம் நடக்கிறது. பல ஆண்டுகள் மொட்டைமாடியில் நின்றவர்கள்கூட இதைப் பார்த்ததில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய கண்ணில் பழுதில்லை, அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியாது என்பதே காரணம். தெரிந்தபின் அது மறைவதில்லை.

மழைக்கும் இதுவே பொருந்தும். 'மழையை ரசி' என்ற அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கும் விளங்கியதில்லை. ஆனால் மண்வாசனை எங்கிருந்து வருகிறது என்று படித்தபின் மழையின் தொடக்கத்தைத் தவறவிட மனம் வருவதில்லை. வறண்ட காலத்தில் மண்ணிலும் பாறையிலும் சேரும் எண்ணெய்களே அந்த வாசனைக்குக் காரணம் என்று இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் 1964 இல் எழுதினார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் அதில் சேர்கிறது; அதை மிகமிக நுண்ணிய அளவிலேயே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். 2015 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் அதிவேகக் கேமராவில் பதிவு செய்து பார்த்தபோது, துளி மண்ணில் விழும் கணத்தில் அதனடியில் சிக்கும் காற்று குமிழிகளாக மேலெழுந்து வெடித்து, நுண்துளிகளைச் சிதறுவது தெரிந்தது. மெல்லிய, நடுத்தரமான மழையில்தான் இது மிகுதி, அடைமழையில் குறைவு. ஆகவே கொட்டும் மழையைச் சன்னலுக்குள்ளிருந்து பார்ப்பவர் அந்த வாசனையின் பெரும்பகுதியை இழந்துவிட்டார். முதல் தூறலின்போதே வாசலுக்குப் போகவேண்டும்.

உங்கள் மகனுக்குப் பதினேழு வயது என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்று. திருவோண விண்மீன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 17 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்றிரவு உங்கள் கண்ணில் படும் அதன் ஒளி, அவன் பிறந்த காலத்தை ஒட்டி அங்கிருந்து புறப்பட்டது. அவன் தவழ்ந்தது, பேசியது, பள்ளி சென்றது என எல்லா ஆண்டுகளிலும் அது வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆண்டின் பிற்பாதியில் மாலை வானில் தேடினால், இருபுறமும் மங்கலான ஒவ்வொரு விண்மீன் வரிசையாக நிற்க நடுவில் பிரகாசமாக இருப்பது அதுதான். இந்த ஒற்றைச் செய்தி தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வானம் ஒரே அளவில்தான் இலவசம். ஆனால் இருவரும் பார்ப்பது ஒன்றல்ல. பழைய இருகண் தொலைநோக்கி ஒன்று இரவலாகக் கிடைத்தால், 1610 ஜனவரியில் கலிலியோ கண்டு திகைத்த வியாழனின் துணைக்கோள்களை அதைக்கொண்டே பார்த்துவிடலாம். கையை எங்காவது ஊன்றி அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அலுப்புக்கு இன்னொரு காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தினமும் மாலையில் தவறாமல் போனதாக எழுதியிருக்கிறீர்கள். வேளை தவறாமல் மருந்து உண்பதுபோல இன்பத்தை உண்ண முடியாது. குவாட்பாக்கும் எலிசபெத் டனும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு வாரம் சாக்லேட்டை முற்றிலும் விட்டிருந்தவர்கள், மீண்டும் தின்றபோது மற்றவர்களைவிட அதிகமாகச் சுவைத்தார்கள். தாராளமாகத் தின்னச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தச் சுவை கிட்டவில்லை. விலை உயர்ந்த இன்பங்களுக்கு இந்த இடைவெளியைப் பணமே ஏற்படுத்திவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறைதான் கட்டுப்படியாகும் என்பதாலேயே பயணம் இனிக்கிறது. காசில்லாதவற்றுக்கு அந்த வேலி இல்லாததால் நாமே அதைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான்கு நாள் போகாதீர்கள். மேகத்தைப் பார்த்து, இன்று ஏதோ இருக்கும் என்று தோன்றினால் போங்கள். அப்படி மேகத்தைப் பார்த்துக் கணிப்பதே விரைவில் ஒரு பொழுதாகிவிடும்.

பட்டியலில் மிச்சமிருப்பவற்றை விரைவாகக் கடக்கிறேன். நடப்பது நல்லது, ஆனால் உடல்நலத்திற்காக நடப்பதும் இன்பத்திற்காக நடப்பதும் வெவ்வேறு. இரண்டாவதற்கு வேகத்தைக் கணக்கிடும் கருவி பகை. புத்தகத்தைப் பற்றி இந்தத் தளத்தில் ஏற்கெனவே போதுமான அளவு பேசியிருக்கிறோம். மனிதர்களோடு பேசுவது பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம்: 2014 இல் நிக்கலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் சிகாகோ ரயில் பயணிகளை வைத்துச் செய்த ஆய்வில், அறிமுகமற்ற சகபயணியோடு பேசுவது சங்கடமாக இருக்கும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள், பேசிய பின் தங்கள் பயணம் வழக்கத்தைவிட இனிதாக இருந்ததாகச் சொன்னார்கள். என்னைப் போன்ற கூச்ச சுபாவிகளுக்கு இதைப் படிப்பதும் செய்வதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்பவர்களோடு நான் முழுமையாக உடன்படவில்லை. மேலே சொன்ன செய்திகளில் பலவற்றை இன்று காசின்றிப் பெறுவதற்குக் கைப்பேசியே எளிய வழி. பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவருகிறது. 2000 நவம்பர் முதல் அதில் இடைவிடாமல் மனிதர்கள் வாழ்ந்து வருகிறார்கள். அது உங்கள் தலைக்கு மேல் எப்போது கடக்கும் என்பதை நாசா இலவசமாகவே அறிவிக்கிறது. பொழுது சாய்ந்த பின்னோ விடியுமுன்னோ, சிமிட்டாத ஒளிப்புள்ளியாகச் சில நிமிடங்களில் வானைக் கடந்துவிடும். நேரத்தைக் கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொள்வதில் என்ன கேடு இருக்கிறது? பறவைக் குரலைக் கேட்டு இனத்தைச் சொல்லும் செயலிகளும் அப்படியே. போவதற்கு முன்னும் வந்த பின்னும் கைப்பேசி நல்ல துணை.

இடையில்தான் சிக்கல், அதுவும் குறிப்பாகக் கேமராவில். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் அருங்காட்சியகம் ஒன்றில் நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்த பொருள்களையே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். எடுத்தாயிற்று என்ற எண்ணமே பார்வையைத் தளர்த்திவிடுகிறது என்பது அவருடைய விளக்கம். ஆனால் அதே ஆய்வில் உங்கள் மகனுக்குச் சாதகமான ஒரு பகுதியும் உண்டு. பொருள் முழுவதையும் எடுக்காமல், அதன் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு நினைவு குன்றவில்லை. படத்தில் வராத பகுதிகளும்கூட அவர்களுக்கு நினைவிருந்தன. எந்தப் பகுதியை எடுப்பது என்று முடிவு செய்வதற்காக அவர்கள் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. எனவே அவனிடம் கைப்பேசியை எடுத்துவரச் சொல்லுங்கள், ஆனால் ஒரு மாலைக்கு ஒரே படம் என்றும், அதுவும் முழு வானமாக இல்லாமல் அவன் தேர்ந்தெடுக்கும் ஒரு துண்டாகத்தான் இருக்கவேண்டும் என்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.