கைக்குழந்தையோடு வக்கீல் தொழில்: விட்டுவிடுவதற்கு முன்

சகோதரி, எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு இரவு ஒன்பது வரை சீனியர் அலுவலகத்தில் இருக்க முடியவில்லை, தொழிலையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் தந்த 26 வார விடுப்பு சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்குத்தான்; ஜூனியர் வக்கீலுக்கு அது எட்டுவதில்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் உங்களைப் பிழிவது கோர்ட் அல்ல, மாலை நேர அலுவலகம். சீனியரிடம் நேராகப் பேசுங்கள்: பகலில் கோர்ட் என் பொறுப்பு, மனுவும் எதிருரையும் வீட்டிலிருந்தே தயாரித்து அனுப்புகிறேன் என்று. உயர் நீதிமன்ற விசாரணைப் பட்டியல் முந்தின நாளே இணையத்தில் வந்துவிடுகிறது. கேஸ் கட்டு கையில் இருந்தால் குழந்தை தூங்கியபின் குறிப்பெடுக்கலாம். குறுக்கு விசாரணை உள்ள நாளில் மட்டும் அம்மாவையோ அத்தையையோ வரச்சொல்லுங்கள். வெறும் வாய்தாவுக்கு நம்பகமான சக வக்கீல் போதும். கட்சிக்காரர் கையெழுத்திட்டுத் தரும் வக்காலத்தில் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

கம்பெனி வேலையும் யோசனையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழில் செய்வதை நிறுத்திவைக்க வேண்டும். கணவர் ஆறு மணிக்கே வீடு திரும்புகிறார் அல்லவா? ஆறிலிருந்து எட்டு வரை குழந்தை அவர் பொறுப்பு என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்.