இடைத்தேர்தல் என்றால் என்ன? ஏன் உடனே நடத்துகிறார்கள்?

சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பதவிக்காலத்தின் நடுவில் காலமானாலோ, ராஜினாமா செய்தாலோ, தகுதி இழந்தாலோ அந்த ஒரு தொகுதிக்கு மட்டும் நடக்கும் தேர்தல்தான் இடைத்தேர்தல்.

எங்கள் சேலம் மாவட்டத்து ஏற்காடு நல்ல உதாரணம். உறுப்பினர் பெருமாள் 2013 ஜூலையில் காலமானார். டிசம்பர் 4-ல் வாக்குப்பதிவு நடந்தது, அவருடைய மனைவி சரோஜா வென்றார். தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதலில் வந்ததும் அந்தத் தேர்தலில்தான்.

இடம் காலியான 6 மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். காரணம் எளிது: மலைக்கிராமத்து ரோடு, குடிநீர், ஆஸ்பத்திரி பற்றிச் சபையில் எழுந்து கேட்க அந்தத் தொகுதிக்கென்று ஓர் ஆள் வேண்டும். பழங்குடியினருக்கான தனித்தொகுதி மாநிலத்தில் இரண்டே இரண்டு. அதில் ஏற்காடு ஒன்று. அது காலியாகக் கிடப்பது சின்ன விஷயம் இல்லை என்பேன். மீதிக்காலம் ஓர் ஆண்டுக்கும் குறைவு என்றால் இந்தக் கட்டாயம் இல்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் பத்தாவது கொண்டை ஊசி வளைவில் டிரைவருக்கு உடம்பு முடியவில்லை என்று வையுங்கள். மாற்று டிரைவர் மிச்ச வளைவுகளைத்தான் ஓட்டுவார். அடிவாரத்திலிருந்து மறுபடி கிளம்ப மாட்டார்.

இடைத்தேர்தலில் ஜெயித்தவரும் அப்படித்தான், மீதிக்காலம் மட்டுமே பதவியில் இருப்பார். அதனால், அவருக்கு முழுசாக 5 ஆண்டு கிடைக்கும் என்று பலர் நினைப்பது தவறு. 2013-ல் வென்றவருக்கும் 2016 பொதுத்தேர்தல் வரைதான் அந்தப் பதவிக்காலம்.