கனடா கிறிஸ்தவ சபைங்கதான் மன்னிப்பு கேட்டாச்சே, இன்னும் பழங்குடி பிள்ளைங்க படிப்புக்கு நீதின்னு பேசுறது சபையோட வேலையா?

எங்க சபையோட சின்ன ஜெபக் குழுவுலயும் (செல் குரூப்) ஒரு அண்ணன் இதையேதான் கேட்டாரு. மன்னிப்பு கேட்டது உண்மைதான், ஆங்கிலிக்கன் சர்ச் 1993ல, யுனைடெட் சர்ச் 1998ல, போப் பிரான்சிஸ் 2022ல நேர்லயே போய் கேட்டாரு. ஆனா எதுக்குன்னு பாருங்க, சுமார் 1,50,000 பழங்குடி பிள்ளைங்கள குடும்பத்துலேருந்து பிரிச்சு, அரசாங்க காசுல சபைங்க நடத்துன ஹாஸ்டல் ஸ்கூல்ல போட்டு, சொந்த பாஷை பேசுனா தண்டனை, இது 1990கள் வரைக்கும் ஓடுச்சு. இங்க சிங்கப்பூர்ல நம்ம பிள்ளைங்க பிஎஸ்எல்ஈயில, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுல, தமிழ ஒரு பாடமாவே எழுதுறாங்க (அதுக்கே வீட்ல எவ்ளோ புலம்பல், அது வேற கதை), அங்க அதே தாய்மொழி வாயில வந்தா அடின்னா அந்த குடும்பத்துக்கு ஸ்கூல்னாலே எப்படி நம்பிக்கை வரும்?

பைபிள்ல லூக்கா 19ல வரி வசூலிக்கிற சகேயு வெறும் சாரி சொல்லிட்டு போகல, சொத்துல பாதி ஏழைங்களுக்கு, ஏமாத்துனது நாலு மடங்கா திருப்பி தர்றேன்னான். அதுக்கப்புறம்தான் இயேசு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததுன்னாரு.

கனடாவுல இந்த ஸ்கூல்கள பத்தி விசாரிச்ச உண்மை நல்லிணக்க ஆணையம் 2015ல 94 கோரிக்கை வச்சுது. ரிசர்வ் (பழங்குடிகளுக்குன்னு ஒதுக்குன நிலம்) உள்ள படிக்கிற பிள்ளைக்கும் வெளிய படிக்கிற பிள்ளைக்கும் ஒதுக்குற பணத்துல உள்ள வித்தியாசத்த எடுங்க, காலேஜ் போக நிதிக்கு காத்துக்கெடக்குறவங்களுக்கு வழி பண்ணுங்கன்னு அரசாங்கத்துகிட்ட கேட்டாங்க. 61வது கோரிக்கை நேரா சபைங்களுக்கே: பாஷை, பண்பாடு, கல்வி திட்டங்களுக்கு நிரந்தரமா நிதி குடுங்க, ஆனா நடத்துறது அந்த சமூகங்களே. என்னைக் கேட்டா பணத்தவிட இந்த ரெண்டாவது பாதிதான் சபைங்களுக்கு கஷ்டம், ஏன்னா நமக்கு குடுத்து பழக்கம், கைய எடுத்து பழக்கம் இல்ல.